காலையில் மட்டும் உதறும் கை – கடிதம்

வணக்கம் ஐயா.

ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் டீட்டர் யான்ஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வலிப்பு மூளையில் எங்கே தொடங்குகிறது என்று மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்தபோது, அது எத்தனை மணிக்கு வருகிறது என்று இவர் கேட்டார் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் அக்கா மகள் ஞாபகம்தான் வந்தது.

அவளுக்கு 18 வயது. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடு. எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டுக் கையுறை பேக்டரிக்குப் போகிறாள். ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் இரவு. இரண்டு வருஷமாகவே காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறும். மைலோ கோப்பை பறக்கும், பல் விளக்கும் பிரஷ் தெறிக்கும். ‘கையில ஒரு நிதானம் இல்ல’ என்று அக்கா திட்டுவாள். ஒரு மணி நேரம் போனால் சரியாகிவிடும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் இரவு 2 மணி வரை விழித்திருந்துவிட்டு, காலை 6 மணிக்கு எழுந்தவள் குளியலறை வாசலில் விழுந்தாள், கைகால் இழுத்துக்கொண்டது. பாட்டி சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்.

டௌனில் ஒரு கிளினிக்கில் கார்பமாசெப்பின் 200 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை எதுவும் எடுக்கவில்லை. மாத்திரை தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. பெரிய வலிப்பு திரும்ப வரவில்லை. ஆனால் உதறல் கூடிவிட்டது. நேற்று பசியாறும்போது தட்டையே வீசிவிட்டாள். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறாள் அக்கா. நிறுத்தலாமா? யான்ஸ் சொன்ன வியாதிதானா இது? ஆயுசுக்கும் மாத்திரையா? நாளைக்கு வரன் என்று வந்தால் சொல்லத்தான் வேண்டுமா? தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கிறது. முறுக்கு சுடுகிற ராத்திரி அவளையும் உட்கார வைக்கலாமா என்பதுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

ச.,
சுங்கை சிப்புட்

*

அன்புள்ள ச. அவர்களுக்கு,

யான்ஸ் கொஞ்சம் காத்திருக்கட்டும். மாத்திரையை முதலில் பேசிவிடுவோம்.

நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரை எதுவானாலும் சட்டென்று விட்டால், அடங்கிக் கிடந்த பெரிய வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஆபத்து உண்டு. இதற்கு ஒரே ஒரு விலக்கு. காய்ச்சல், வாய்க்குள் புண், கண் சிவந்து எரிதல், தோலில் சிவப்புத் தடிப்பு அல்லது கொப்புளம், இவற்றில் ஏதாவது தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தோல் வெந்ததுபோல உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற கடுமையான ஒவ்வாமையின் தொடக்கமாக அது இருக்கலாம். எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமாசெப்பின் இப்படிச் செய்கிறது என்பது 2004இல் தைவான் ஆய்வில் தெரியவந்தது. மலாய்க்காரர், சீனர் மரபில் இது கூடுதலாகவும் நம்மவர்களிடம் குறைவாகவும் இருக்கிறது. மருந்தைத் தொடங்குமுன் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை இதற்குத்தான். ஒவ்வாமை வருவதானால் பெரும்பாலும் முதல் எட்டு வாரத்துக்குள் வந்துவிடும். உங்கள் பெண் ஆறு வாரம் கடந்துவிட்டாள். மீதி நாட்களில் தினமும் ஒரு தடவை வாயையும் முதுகையும் பாருங்கள், போதும்.

நிறுத்த வேண்டாம் என்றேனே தவிர, இப்படியே தொடரலாம் என்று சொல்லவில்லை. இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு கிளினிக்) போய், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவுக்கு அனுப்புக் கடிதம் கேளுங்கள். அங்கே சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். டாக்டர் மலாய்க்காரர் என்றால், ‘செலெப்பாஸ் பாங்ஙுன் தீடோர், தாங்ஙான் தெர்செந்தாக்’ என்று சொல்லுங்கள்: தூங்கி எழுந்த பிறகு கை வெடுக்கென்று உதறுகிறது. ‘வலிப்பு வந்தது’ என்று மட்டும் சொன்னால் இதே மாத்திரையைத்தான் அதிக அளவில் எழுதிக்கொடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உதறலை யாரும் வியாதியாக நினைப்பதில்லை. நினைக்காததை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை.

இங்கேதான் யான்ஸ் வருகிறார். போருக்குப் பிந்தைய ஹைடல்பெர்க்கில் வேலை பார்த்தவர். பெரிய வலிப்பு வருகிறவர்களை அவர் மூன்றாகப் பிரித்தார்: விழித்தெழுந்த கொஞ்ச நேரத்தில் வருகிறவர்கள், தூக்கத்தில் வருகிறவர்கள், நேரங்காலம் இல்லாமல் வருகிறவர்கள். விழிப்பு வகைக்காரர்களுக்கு இன்னொரு நேரமும் உண்டு என்று கண்டார். வேலை முடிந்து உடம்பு தளர்ந்து உட்காருகிற சாயங்காலம். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொருவரிடமும் எத்தனை மணிக்குப் படுத்தாய், யார் எழுப்பினார்கள், எழுந்து எவ்வளவு நேரத்தில் வந்தது என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

அப்படிக் கேட்டதில்தான் உதறல் வெளியே வந்தது. 1957இல் வால்டர் கிறிஸ்டியானோடு சேர்ந்து 47 நோயாளிகளைப் பற்றி எழுதினார். பருவ வயதில் தொடங்கும், தோளும் கையும் மின்சாரம் அடித்ததுபோல உதறும், நினைவு தப்பாது, எழுந்ததும்தான் வரும், கையில் இருப்பது பறக்கும். தூக்கம் கெட்டாலும், குடித்தாலும், அசந்து தூங்குகிறவரைச் சட்டென்று எழுப்பினாலும் கூடும். மாதங்களோ வருஷங்களோ கழித்து ஒரு காலையில் பெரிய வலிப்பு. உங்கள் கடிதத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மைலோ ஒன்றுதான் கூடுதல். (தூக்கம் கண்ணைச் சொருகும்போது உடம்பு ஒரு தடவை தூக்கிப்போடுமே, அது எல்லாருக்கும் வருவது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.)

கட்டுரை ஜெர்மனில் இருந்ததால் ஆங்கிலம் படித்த மருத்துவ உலகம் வெகுகாலம் கவனிக்கவில்லை. 1984இல் டெல்காடோ-எஸ்குவேத்தாவும் என்ரிலே-பாக்சாலும் ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் ‘யான்ஸின் இளம்பருவ உதறல் வலிப்பு’ என்ற பெயர் பரவியது. இடைப்பட்ட 27 வருஷமும் இந்தப் பிள்ளைகள் பொத்தாம்பொதுவாக ‘வலிப்புக்காரர்’ என்று கைக்குக் கிடைத்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் நடக்கிறது. அபூர்வமான வியாதி என்று நினைக்காதீர்கள். வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் இந்த வகைதான்.

தவறான மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். கார்பமாசெப்பின் நரம்பணுவின் சோடியம் வாசலை அடைக்கிற மருந்து. மூளையின் ஒரு மூலையில் கிளம்புகிற வலிப்புக்கு அது நல்ல மருந்து, நான் குறை சொல்லவில்லை. யான்ஸ் வகை, இரண்டு பக்க மூளையும் அதன் அடியிலுள்ள தலாமஸ் என்ற பகுதியும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். அங்கே கார்பமாசெப்பின் பெரிய வலிப்பைப் பிடித்து வைத்துக்கொண்டே உதறலைக் கூட்டிவிடும். பெனிடோயினிலும் இதே வம்பு உண்டு. ஆகவே, மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டினால் தட்டு இன்னும் தூரம் போய் விழும்.

காலையில் மட்டும் ஏன் என்பதற்கும் இப்போது ஓரளவு பதில் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தலைமேல் காந்தச் சுருளை வைத்து மூளைப்புறணி (மூளையின் மேல் அடுக்கு) எவ்வளவு சுலபமாகத் தூண்டப்படுகிறது என்று நாளின் வெவ்வேறு நேரங்களில் அளந்தார்கள். இந்த வகைக்காரர்களுக்கு அதிகாலையில் அது எகிறி நின்றது.

ஆனால் யான்ஸ் சொன்னதெல்லாம் வேதம் இல்லை. இந்த நோயாளிகள் நிலையில்லாதவர்கள், ஒழுங்குக்கு அடங்காதவர்கள் என்று அவர்கள் குணத்தையும் சேர்த்து எழுதிவைத்தார். திட்டமிடுவது, கவனத்தை நிறுத்துவது போன்ற, மூளையின் முன்பகுதியான நெற்றிமடல் செய்கிற வேலைகளில் சிலருக்குச் சிறு தடங்கல் இருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின என்பது உண்மைதான். அதற்காகக் குணச் சான்றிதழ் கொடுத்தது அதிகப்படி. உங்கள் அக்கா ‘நிதானம் இல்ல’ என்று திட்டியதைப் பேராசிரியர் ஜெர்மனில் எழுதினார், அவ்வளவே வித்தியாசம். அக்காவிடம் சொல்லுங்கள், அந்தக் கோப்பை அலட்சியத்தில் விழவில்லை.

இனி செய்ய வேண்டியவை.

ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கிக் கட்டம் போடுங்கள். படுத்த மணி, எழுந்த மணி, எழுந்து இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை உதறல், மாத்திரை விழுங்கிய மணி, எந்த ஷிப்டு, மாதவிலக்கு நாள். நினைவிலிருந்து வாரக் கடைசியில் நிரப்புகிற நோட்டு உதவாது. பசியாறும் முன்பே அன்றன்றைக்கு எழுதிவிட வேண்டும். இரண்டு வாரத்து நோட்டு டாக்டருக்கு ஸ்கேன் படத்தைவிடப் பெரிய உதவி. இந்த வகையில் சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கைத்தொலைபேசியில் உதறலைப் படம் எடுங்கள். விளக்கைப் போட்டு, முகத்தை மட்டும் எடுக்காமல் இரண்டு கையும் தெரிகிற மாதிரி, 20 வினாடி போதும். ஒரு கைதான் அதிகம் உதறுகிறது என்று வாயால் சொன்னால், ஒரு பக்க மூளை வலிப்பு என்று தப்பாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. படம் இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை) எடுக்கச் சொல்வார்கள். முந்தின இரவே ஷாம்பு போட்டுத் தலையை அலசி, எண்ணெய் வைக்காமல் அனுப்புங்கள். தேங்காய் எண்ணெய் ஊறிய தலையில் பசை ஒட்டாது, தகடு நழுவும், கோடெல்லாம் கிறுக்கலாக வரும், இன்னொரு தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். தலையில் 21 தகடு ஒட்டுவார்கள். வலிக்காது, மின்சாரம் உள்ளே எதுவும் போகாது. 3 நிமிஷம் ஆழமாக மூச்சு இழுத்து விடச் சொல்வார்கள், கண்முன் விளக்கை வேகவேகமாக மின்ன விடுவார்கள். இந்த வகைக்காரர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு மின்னும் வெளிச்சம் ஆகாது, அதற்காக. நொடிக்கு 4 முதல் 6 வரை கூர்முனைக் கொத்துகளும் அலைகளும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்தால் விஷயம் உறுதி. வராவிட்டால் இல்லை என்று ஆகிவிடாது. நன்றாகத் தூங்கி எழுந்து, பஸ் ஏறி வந்து, காலை 11 மணிக்குப் படுத்தால் பல பேருக்குச் சுத்தமாகத்தான் வரும். அதனால் காலையில் இருக்கிற முதல் நேரத்தைக் கேளுங்கள். சில சமயம் முந்தின இரவு குறைவாகத் தூங்கி வரச் சொல்வார்கள். டாக்டர் சொன்னால் மட்டும் அப்படிச் செய்யுங்கள், அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போகாதீர்கள், மாத்திரையை வழக்கம்போலக் கொடுங்கள்.

மருந்தை எப்படி மாற்றுவார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, பாதியில் பயந்து விடமாட்டீர்கள். புதியதை முதலில் சேர்த்து, அது பிடித்த பிறகே கார்பமாசெப்பினைப் படிப்படியாகக் குறைப்பார்கள். கொஞ்ச நாள் இரண்டும் சேர்ந்து ஓடும். தூக்கக் கலக்கம், தலைசுற்றல் இருக்கும். இந்த வகைக்கு மிக நன்றாக வேலை செய்வது வால்புரோயேட். பெரும்பாலோருக்கு நாளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராமிலேயே உதறல் நின்றுவிடும். ஆனாலும் 18 வயதுப் பெண்ணுக்கு அதை எழுதக் கை தயங்கும், தயங்கவும் வேண்டும். கருவுற்ற காலத்தில் வால்புரோயேட் உடம்பில் இருந்தால் பிறக்கும் 100 குழந்தைகளில் 10 பேர் அளவுக்குப் பெரிய உறுப்புக் குறைபாடும், 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, படிப்பு, நடத்தை வளர்ச்சியில் பின்னடைவும் வருகிறது.

இதற்குள்ளும் யான்ஸ் இருக்கிறார். வலிப்பு மருந்து கருவைக் கெடுக்குமா என்ற கேள்வியை 1964இலேயே ஒரு கட்டுரையின் தலைப்பாக வைத்தவர் அவர். அப்போது கைவசம் இருந்த சின்னக் கணக்கில் கெடுதல் தெரியவில்லை. 1968இல் பிரிட்டனிலிருந்து உதட்டுப்பிளவுக் குழந்தைகள் பற்றிய தகவல் வந்தது. 1982இல் பிரான்சின் லியோன் நகரிலிருந்து, வால்புரோயேட் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு முதுகெலும்பு மூடாமல் போவது பற்றி வந்தது. தன் முதல் பதில் தேறாது என்று தெரிந்த பிறகும் அவர் கேள்வியை விடவில்லை. வலிப்பு, கர்ப்பம், குழந்தை என்று அதே வழியில் பல வருஷம் வேலை பார்த்தார். எனக்கு அவரிடம் பிடித்தது 1957ஐவிட இதுதான்.

ஆகவே உங்கள் பெண்ணுக்கு முதலில் லெவெடிராசெட்டம் கொடுக்கத்தான் வாய்ப்பு அதிகம். 250 அல்லது 500 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை என்று தொடங்கும். அதில் வருகிற தொல்லை மனசுக்குள் வரும்: எரிச்சல், வெடுக்கென்று கோபம், அழுகை. வயசுக் கோபம் என்று தள்ளிவிடாமல் நோட்டில் எழுதுங்கள். லாமோட்ரிஜின் கொடுத்தால் சின்ன அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு படி என்று மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் தோல் ஒவ்வாமை. சிலருக்கு அதுவும் உதறலைக் கூட்டும். மாதவிலக்குக்கோ கருத்தடைக்கோ ஹார்மோன் மாத்திரை எடுத்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். கார்பமாசெப்பின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை ரத்தத்தில் லாமோட்ரிஜினின் அளவைப் பாதியாக்கிவிடும்.

எந்த மாத்திரை வந்தாலும் ஷிப்டு அப்படியே இருந்தால் பாதி வேலைதான் நடக்கும். வாரம் மாறி வாரம் இரவு வேலை என்பது இந்த வலிப்புக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. டாக்டரிடம் கடிதம் வாங்கி, நிரந்தரப் பகல் ஷிப்டு கேட்கச் சொல்லுங்கள். கம்பெனி பஸ் 5.30க்கு என்றால் ராத்திரி 9 மணிக்குப் படுக்கை. லீவு நாளிலும் அதே மணி. எழுந்த முதல் ஒரு மணி நேரம் அடுப்பு, கத்தி, இஸ்திரிப் பெட்டி வேண்டாம். மைலோவை மூடி போட்ட பிளாஸ்டிக் கோப்பையில் ஆற வைத்துக் கொடுங்கள். குளியலறைத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, கதவில் துண்டைத் தொங்கவிட்டால் ஆள் உள்ளே என்று அடையாளம். மோட்டார் சைக்கிள் டாக்டர் சொல்லும்வரை கிடையாது.

உதறல் ஒன்று இரண்டு என்று நில்லாமல் அடுக்கடுக்காக வந்தால் பெரிய வலிப்பு வரலாம் என்று அர்த்தம். நின்ற இடத்திலேயே தரையில் உட்கார வையுங்கள், சிமெண்டுத் திண்ணையிலிருந்து தள்ளி. வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மடித்த துணி வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாக நிற்கும். பாட்டியின் சாவி நிறுத்தியதாகத் தோன்றுவது இதனால்தான். வேப்பிலையை வேண்டுமானால் தலைமாட்டில் வைக்கட்டும், பாட்டிக்கும் ஆறுதல் வேண்டாமா? வாயில் மட்டும் எதுவும் வைக்கக் கூடாது; கரண்டி பல்லை உடைக்கும், தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். 5 நிமிஷம் தாண்டினாலோ, தெளியாமல் அடுத்தது வந்தாலோ 999.

ஆயுசுக்கும் மாத்திரையா என்றால், வெகுகாலத்துக்கு என்றுதான் சொல்ல வேண்டும். சரியான மாத்திரையில் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். இரண்டு வருஷம் நன்றாக இருக்கிறதே என்று விட்டால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். யான்ஸே இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். நடுவயதில் மாத்திரையில்லாமல் சமாளிக்கிறவர்கள் சிலர் உண்டு, அதை அப்போது டாக்டரோடு பேசிக்கொள்ளலாம்.

வரன் வந்தால் சொல்லுங்கள். நியாயம், தர்மம் ஒரு பக்கம் இருக்கட்டும்; மறைத்தால் நடப்பதைப் பாருங்கள். கல்யாண வாரத்தில் தூக்கம் இருக்காது, புது வீட்டில் மாத்திரைப் பெட்டியைத் திறக்கக் கூச்சம், இரண்டு மூன்று வேளை தவறும். நான்காம் நாள் காலை மாமியார் வீட்டுக் குசினியில் விழுவாள். பரம்பரை என்று கேட்பார்கள். குடும்பச் சாயல் உண்டுதான், ஆனாலும் பிறக்கிற பிள்ளைக்கு வருவது நூற்றுக்குச் சிலருக்கு மட்டுமே. கல்யாணம் நிச்சயமானதும் பிள்ளை பெறும் யோசனைக்கு முன்பே மருந்தைத் திரும்பப் பார்க்க வேண்டும், போலிக் ஆசிட் 5 மில்லிகிராம் தொடங்க வேண்டும். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் இதெல்லாம் எப்படி நடக்கும்?

முறுக்குக்கு வருவோம். ராத்திரி சுட வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுடுங்கள். மாவு பிசையட்டும், டின்னில் அடுக்கட்டும், ருசி பார்க்கட்டும். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் மட்டும் இந்த வருஷம் அவள் உட்கார வேண்டாம். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்க விடியலுக்கு முன் எழுப்புவீர்கள். அவளை 7 மணிக்கு மேல் எழுப்புங்கள், அதுவும் உலுக்கி எழுப்பாமல். அதற்கடுத்த நாள் இ.இ.ஜி. தேதி விழுந்தால் தலைக்கு எண்ணெய் கிடையாது, உடம்புக்கு மட்டும்.